பீப் சத்தத்துக்கு முன்னாடி ஒரு கணக்கு வாத்தியார்

போன ஆடித்தபசுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் சங்கரன்கோவில். தபசு அன்னைக்கு கோயில் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. அது முடிஞ்ச மறுநாள் அம்மாவோட ஃப்ரெண்ட் ஒருத்தங்ககிட்ட இருந்து போன். பள்ளிக்கூடம் ஒண்ணுல நூலகத்தைப் பார்த்துக்கிற டீச்சர் அவங்க. பார்கோடு ஸ்கேனர் வாங்கி மூணு மாசமா பெட்டிக்குள்ளயே கிடக்காம். வர்ற மே மாசம் டீச்சர் ரிட்டயர் ஆகுறாங்க, அதுக்குள்ள எல்லாப் புத்தகத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டுப் போகணும்னு ஆசை. நீ இன்ஜினியரிங்தானே, வந்து மாட்டிக் குடுன்னாங்க. மூணு வருஷம் ஈசிஇ படிச்சவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையான்னு கிளம்பினேன். அரை மணி நேரம்னு கணக்குப் போட்டேன். நாலு நாள் ஆச்சு.

அந்த ரூம் சுவர்ல காந்தி, காமராஜர் படத்துக்குப் பக்கத்துல தலைப்பாகையும் கண்ணாடியுமா ஒருத்தர் படம். கணிதமேதை ராமானுஜனான்னு கேட்டேன். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. அவர் எஸ். ஆர். ரங்கநாதன். இந்தக் கட்டுரை அவரைப் பத்தினதுதான். ஆனா ஸ்கேனர்ல நான் பட்ட பாட்டைச் சொல்லாம அவர்கிட்ட போக முடியாது.

கையில பிடிக்கிற ஸ்கேனரை யூஎஸ்பி-ல சொருகினா, கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது இன்னொரு கீபோர்டு. அவ்வளவுதான். கோட்டுல இருக்கிற எண்ணை, கர்சர் எங்க நிக்குதோ அங்க டைப் அடிச்சுட்டுப் போயிடும். அதனால பீப் கேட்குது ஆனா ஸ்கிரீன்ல ஒண்ணும் வரலைன்னா, முதல்ல கர்சரைத் தேடுங்க. நான் அதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கிட்டு இருந்தேன். அடுத்ததா, மூணு புத்தகத்தை ஸ்கேன் பண்ணா மூணு எண்ணும் ஒட்டிக்கிட்டு ஒரே கட்டத்துல வந்து விழுந்துச்சு. ஒவ்வொரு எண்ணுக்கு அப்புறமும் என்டர் தட்டணும்னு ஸ்கேனருக்குச் சொல்லித் தரணும். எப்படின்னா, பெட்டியோட வர்ற மடிப்புத் தாள்ல அதுக்குன்னே சில பார்கோடுகள் அச்சடிச்சிருக்கும்: பழைய நிலைக்குத் திரும்ப ஒண்ணு, கீபோர்டு மாதிரி வேலை செய்ய ஒண்ணு, கடைசியில என்டர் சேர்க்க ஒண்ணு. அந்தக் கோட்டை ஸ்கேன் பண்ணாலே ஸ்கேனர் மாறிக்கும். மாடலுக்கு மாடல் இது வேற வேற, அதனால அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

எக்செல் தனியா ஒரு வேலை காட்டுச்சு. புத்தகத்துல ஒட்டின எண் 000417. ஷீட்ல 417-னு வந்துச்சு. முன்னாடி இருக்கிற பூஜ்யத்தையெல்லாம் எக்செல் முழுங்கிடும். ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடியே அந்தக் காலத்தை டெக்ஸ்ட்னு மாத்தி வைக்கணும். 200 புத்தகம் முடிச்ச பிறகுதான் எனக்கு இது தெரிஞ்சது. லேபிள் விஷயமும் அப்படித்தான். கோடு 39-ஐ விட கோடு 128 நல்லது, அதே எண்ணுக்குக் கம்மி இடம் போதும், தப்பாப் படிச்சா கண்டுபிடிக்கிற சரிபார்ப்பு எண்ணும் உள்ளேயே இருக்கு. கோடுகளோட ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெள்ளை இடம் விடணும். பளபளன்னு டேப் ஒட்டியிருந்தா ஸ்கேனரை நேரா பிடிக்காம லேசா சாய்ச்சுப் பிடிக்கணும், இல்லைன்னா வெளிச்சம் அப்படியே திரும்பி அடிச்சு ஒண்ணும் படிக்காது.

இவ்வளவும் சரி பண்ணி, ரெண்டாம் நாள் சாயங்காலம் பீப் பீப்னு அடிச்சுக்கிட்டு ஹீரோ மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஆறாம் கிளாஸ் பொண்ணு ஒருத்தி வந்து மின்மினிப் பூச்சி பத்தி புத்தகம் இருக்கான்னு கேட்டா. நான் ஸ்கேனரைப் பார்த்தேன். ஸ்கேனர் என்னைப் பார்த்துச்சு. டீச்சர் எந்திரிச்சுப் போய், மூணாவது பீரோ கீழ் தட்டுல இருந்து பூச்சிகள் பத்தின ஒரு பழைய புத்தகத்தை உருவிக் குடுத்தாங்க. தலைப்புல மின்மினி-ன்ற வார்த்தையே இல்ல, உள்ள எட்டு பக்கம் இருந்துச்சு.

அப்பதான் உறைச்சது. பார்கோடுல இருக்கிறது புத்தகம் வாங்கின வரிசை எண். 417-ஆவதா வந்த புத்தகம், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். அது எதைப் பத்தின புத்தகம், யாருக்குத் தேவைப்படும் என்பதெல்லாம் டீச்சர் தலைக்குள்ள இருக்கு. மே மாசம் அந்தத் தலை வீட்டுக்குப் போயிடும். சுவர்ல இருந்தவர் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டினது இந்த ஒரு பிரச்சினையோடதான்.

ரங்கநாதன் பிறந்தது 1892 ஆகஸ்ட்ல, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துச் சீர்காழியில. பேர்ல இருக்கிற எஸ் என்பது ஷியாலி, சீர்காழியோட பழைய ஆங்கில வடிவம். ஆர் என்பது அப்பா ராமாமிருதம். ஆறு வயசுலயே அப்பா இறந்துட்டார். திக்குவாய் வேற. அப்படி இருந்தும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில கணிதத்துல 1913-ல பி.ஏ., 1916-ல எம்.ஏ. முடிச்சார். எட்வர்ட் ராஸ் என்கிற கணிதப் பேராசிரியர்தான் அவருக்கு குரு. ஆசிரியர் பயிற்சி முடிச்சு, 1917-லிருந்து மங்களூர், கோயம்புத்தூர், அப்புறம் சென்னை மாநிலக் கல்லூரின்னு கணக்கு வாத்தியாரா இருந்தார். திக்குற ஒருத்தர் கிளாஸ் முன்னாடி நின்னு பாடம் எடுக்கிற வேலையை விரும்பி எடுத்திருக்கார். செமினார்னாலே லீவு போடுற ஆள் நான், எனக்கு இது பெரிய விஷயம்.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் நூலகர் தேவைப்பட்டார். விண்ணப்பிச்சவங்க யாருக்கும் நூலகப் பயிற்சி கிடையாது. நண்பர்கள் வற்புறுத்தினதால இவரும் போட்டார். இன்டர்வியூவுக்குச் சில நாள் முன்னாடி என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்காவுல நூலகம் பத்தி ஒரு கட்டுரை படிச்சது மட்டும்தான் தயாரிப்பு. நாம இன்டர்வியூக்கு முந்தின ராத்திரி கம்பெனி வெப்சைட் பார்க்கிற மாதிரி. வேலை கிடைச்சது. 1924 ஜனவரியில சேர்ந்தார். ஒரு வாரத்துல வெறுத்துப் போச்சு. மாணவர்கள் இல்ல, பேச ஆள் இல்ல, சுத்தி புத்தகம் மட்டும். மாநிலக் கல்லூரி முதல்வர்கிட்டயே போய் பழைய வேலையைத் திருப்பிக் கேட்டார். லண்டன் போய் நூலகப் படிப்பை முடிச்சுட்டு வாங்க, அப்பவும் பிடிக்கலைன்னா கணக்கு வேலை உங்களுக்கேன்னு ஒரு உடன்பாடு ஆச்சு.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல சேர்ந்தார். அங்க பாடம் எடுத்த பெர்விக் சேயர்ஸ் குராய்டன் நகர நூலகத்தோட தலைவர். ரங்கநாதன் பாடத்தோட நிறுத்தாம இங்கிலாந்துல நூத்துக்கும் மேல நூலகங்களைச் சுத்திப் பார்த்தார். பொது நூலகத்துல சாதாரண ஜனங்களும் குழந்தைங்களும் வந்து போறதைப் பார்த்ததுதான் அவரை மாத்தினது. ஆனா அடுக்குற முறை அவருக்குப் பிடிக்கல. அங்க பெரும்பாலும் டூயி தசம முறை. அதுல ஒவ்வொரு துறைக்கும் ஒரு எண்ணை முன்னாடியே பட்டியல் போட்டு வெச்சிருப்பாங்க. ரெண்டு மூணு துறை கலந்த புத்தகம் வந்தா எங்க வைக்கிறதுன்னு திண்டாட்டம்.

ஒருநாள் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில மெக்கானோ என்கிற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். ஓட்டை போட்ட இரும்புப் பட்டை, கம்பி, சக்கரம், நட்டு, போல்ட். அதே துண்டுகளை மாத்தி மாத்திச் சேர்த்தா ஒரு தடவை கிரேன், ஒரு தடவை வண்டி. புத்தகத்தோட பொருளையும் இப்படிச் சின்னத் துண்டுகளாப் பிரிச்சு, தேவைப்படுறப்ப சேர்த்துக்கலாமேன்னு அங்கதான் பொறி தட்டியிருக்கு. உதாரணமா 1950-கள்ல இந்தியாவுல நுரையீரல் காசநோய்க்கான எக்ஸ்ரே சிகிச்சை பத்தி ஒரு புத்தகம். மருத்துவம், நுரையீரல், காசநோய், சிகிச்சை, எக்ஸ்ரே, இந்தியா, 1950-கள் எல்லாம் தனித்தனித் துண்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு குறி. அதையெல்லாம் வரிசையாச் சேர்த்தா அந்தப் புத்தகத்தோட முகவரி. சேர்க்கிறதுக்கு ஆரம்பத்துல அவர் பயன்படுத்தின நட்டு போல்ட் முக்காற்புள்ளி, ஆங்கிலத்துல கோலன். அதனாலதான் கோலன் பகுப்புமுறைன்னு பேர். புத்தகமா வந்தது 1933-ல.

இன்னைக்கு ஷாப்பிங் ஆப்ல ஷூ தேடுறப்ப பிராண்டு, சைஸ், கலர், விலைன்னு இடது பக்கம் டிக் பண்ணித் தேடுறோம்ல, அதுக்குப் பின்னாடி இருக்கிற யோசனை இதுதான். ஒரு பொருளுக்கு ஒரே பெட்டி கிடையாது, பல முகங்கள் உண்டு. ஃபேசட்-னு இப்ப நம்ம டேட்டாபேஸ் ஆட்கள் சொல்ற வார்த்தையை இந்த அர்த்தத்துல புழக்கத்துக்குக் கொண்டு வந்தது அவர்தான். லண்டன்ல 1952-ல தொடங்கின ஒரு பகுப்பாய்வுக் குழு இதை எடுத்துக்கிட்டு மேலே கொண்டு போச்சு.

1925-ல ஊர் திரும்பினவர் கணக்கு வேலையைக் கேட்கவே இல்ல. அடுத்த இருபது வருஷம் அதே பல்கலைக்கழக நூலகம். லீவே எடுக்கல என்று சொல்வாங்க. நம்புறதுக்குக் கஷ்டமா இருந்தாலும் அந்தக் காலத்துல அவர் செஞ்ச வேலையைப் பார்த்தா நம்பத்தான் வேண்டியிருக்கு. வாசகர்களே அலமாரிக்குள்ள போய் எடுத்துக்கலாம்னு திறந்து விட்டார். 1928-ல சென்னை நூலகச் சங்கம், 1929-ல நூலகர்களுக்கான பயிற்சி வகுப்பு, 1931-ல ஐந்து விதிகள் புத்தகம். அதுல நாலாவது விதி வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்துறது பத்தினது. ஸ்கேனர் விக்கிற கம்பெனிக்காரங்க இந்த விதியை விளம்பரமாவே போட்டுக்கலாம்.

அதே 1931-ல மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளைன்னு ஒரு இன்ஜினியர், மாட்டு வண்டியில நூலகம் வெச்சு கிராமம் கிராமமா அனுப்பினார். தொடங்கி வெச்சது ரங்கநாதன். நம்ம துறை ஆள் இதுல இருக்கார்னு எனக்கு ஒரு சின்னப் பெருமை.

சட்டத்துக்காகவும் பல வருஷம் அலைஞ்சார். 1948-ல வந்த சென்னை பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னாடி அவர் உழைப்பு இருக்கு. உங்க வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்க, நூலக வரின்னு ஒரு வரி இருக்கும். அது அந்தச் சட்டத்தோட வழி வந்ததுதான். எங்க வீட்டு ரசீதையும் எடுத்துப் பார்த்தேன், இருக்கு.

1945-ல சென்னையை விட்டுட்டு ஆராய்ச்சி பண்ணலாம்னு இருந்தவரை காசி இந்துப் பல்கலைக்கழகம் கூப்பிட்டுச்சு. ரெண்டு வருஷத்துல ஒரு லட்சம் புத்தகத்துக்கு மேல அவரே உட்கார்ந்து வகைப்படுத்தினார். வயசு ஐம்பதுக்கு மேல. கம்ப்யூட்டர் இல்ல, பீப் இல்ல, ஒவ்வொரு புத்தகத்தையும் திறந்து பார்த்து எண் எழுதணும். நான் 200 புத்தகத்துல பூஜ்யம் போச்சுன்னு அழுதவன். அப்புறம் டெல்லிப் பல்கலைக்கழகம், சில வருஷம் ஜூரிக், 1957-ல பத்மஸ்ரீ. சேர்த்து வெச்ச ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் குடுத்து, மனைவி சாரதா பேரையும் சேர்த்து நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி உருவாக்கினார். 1962-ல பெங்களூருல ஆவணப் பயிற்சி மையம், 1965-ல தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர். 1967-ல ராமானுஜன் பத்தி ஒரு புத்தகமும் எழுதியிருக்கார். அதனால நான் சுவர்ல படத்தை மாத்திப் பார்த்தது ரொம்பப் பெரிய தப்பு இல்லைன்னு டீச்சர்கிட்ட வாதாடினேன், எடுபடல.

1972 செப்டம்பர் 27-ல பெங்களூருல இறந்தார். பார்கோடுக்கு அமெரிக்காவுல உட்லண்ட், சில்வர் ரெண்டு பேரும் 1952-லயே காப்புரிமை வாங்கிட்டாங்க. ஆனா கடையில முதல் பொருளை ஸ்கேன் பண்ணினது 1974 ஜூன் 26-ல, ஒஹையோவுல, ஒரு சூயிங் கம் பாக்கெட். ரங்கநாதன் போய் ரெண்டு வருஷம் கூட முடியல.

மூணாவது நாள் நான் ஸ்கேனரை ஓரமா வெச்சுட்டேன். ஷீட்ல புதுசா அஞ்சாறு காலம் போட்டோம்: எதைப் பத்தி, எந்த உயிர் அல்லது பொருள், எந்த ஊர், எந்தக் காலம், எந்த வகுப்புப் பிள்ளைக்கு. கோலன் முறையை முழுசாப் பண்ண எங்களால முடியாது, அது தனிப் படிப்பு. டீச்சர் புத்தகத்தைக் கையில எடுப்பாங்க, நான் கோட்டை ஸ்கேன் பண்ணுவேன், பீப் கேட்டதும் அவங்க சொல்லச் சொல்ல டைப் பண்ணுவேன். சில புத்தகத்துக்கு அவங்க திறந்து கூடப் பார்க்கல. பூச்சிப் புத்தகத்துக்கு எதைப் பத்தி-ன்ற இடத்துல மின்மினி, வண்ணத்துப்பூச்சி, தேனீ மூணையும் போட்டோம்.

நான் கிளம்புறப்ப 340 முடிஞ்சிருந்தது. பொங்கல் லீவுல இன்னொரு 500. மொத்தம் 2,100 புத்தகம், மே மாசத்துக்குள்ள முடியணும். புராஜெக்ட் ரிவ்யூ இருக்கிறதால என்னால ஏப்ரல் வரைக்கும் போக முடியாது. தென்காசி, ராஜபாளையம் பக்கம் இருக்கிறவங்க வார லீவுல ரெண்டு மணி நேரம் ஒதுக்க முடியும்னா என்கிட்ட சொல்லுங்க. ஸ்கேனர் ரெடியா இருக்கு, எக்செல் காலம் டெக்ஸ்ட்ல இருக்கு. டீச்சர் டீ போட்டுத் தருவாங்க.