செவி மூடிய சீமான்

ஏர் பிடித்த குடும்பத்திலே பிறந்தார். எந்திரத்தின்மீது காதல் கொண்டார். 1863-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே பிறந்த அந்த உழவர் வீட்டுப் பிள்ளைதான், பின்னாளில் மோட்டார் மன்னர் என்று உலகம் வியந்த ஹென்றி ஃபோர்டு. அவர் குவித்த கோடிகளை எண்ணிப் பார்ப்பதல்ல நம் நோக்கம். ஊழியனின் வாய் எப்போது திறக்கிறது, எப்போது அடைத்துப்போகிறது என்பதைக் காட்டும் கண்ணாடி அவர் வாழ்வு.

டெட்ராய்ட் நகரிலே, எடிசன் பெயர் தாங்கிய மின்சார நிறுவனத்தில் அவர் பணியாளர். 1896-ல் ஒரு விருந்திலே எடிசனைச் சந்தித்தார். மின்சார மேதையின் முன்னால், பெட்ரோலில் ஓடும் வண்டியைப் பற்றி விளக்கினார்! எடிசன் சீறினாரா? இல்லை. காது மந்தமான அந்தப் பெரியவர், பக்கத்திலே அமர்த்திக் கேட்டார்; மேசையைத் தட்டி ஊக்குவித்தார்.

காலம் உருண்டது. 1903-ல் ஃபோர்டு கம்பெனி எழுந்தது. 1908-ல் டி மாடல் கார் பிறந்தது. 1914-ல், நாளொன்றுக்கு ஐந்து டாலர் கூலி என்று அறிவித்தார். பாராட்டத்தக்கதே, நாம் மறுக்கவில்லை. ஆனால், கூலியை உயர்த்திய கை, குரலை உயர விடவில்லை!

அவர் வெளிநாடு சென்றிருந்த நேரம், டி மாடலைத் திருத்தி மெருகேற்றி வைத்தனர் ஊழியர். திரும்பி வந்தவர், காரணம் கேட்கவில்லை. காரின் கதவைப் பிய்த்தெறிந்தார் என்று கூறுவர். 1926-ல், உயர் அதிகாரி எர்னஸ்ட் கான்ஸ்லர், டி மாடலின் காலம் கடந்துவிட்டதென்று பணிவோடு எழுதிக் கொடுத்தார். சில திங்களில் வேலை போயிற்று! மகனுக்கு நெருங்கிய உறவினர் அவர்; அவருக்கே அந்தக் கதியென்றால், மற்றவன் வாய் திறப்பானா?

ஊழியர் ஊமையாயினர், சந்தை பேசிற்று. செவர்லே முந்தியது. 1927-ல், ஒன்றரைக் கோடி வண்டிகளோடு டி மாடல் நின்றது. மாற்று வண்டி ஆயத்தமில்லை. ஆலை மாதக்கணக்கில் முடங்கியது. பிடிவாதம் முதலாளியுடையது, பட்டினியோ பல்லாயிரம் தொழிலாளருடையது!

அப்போதும் செவி திறந்ததா? 1937-ல் துண்டறிக்கை வழங்க வந்த தொழிற்சங்கத்தாரை, கம்பெனியின் ஆட்கள் அடித்து நொறுக்கினர். 1941-ல், வேலைநிறுத்தம் கண்ட பிறகே, சங்கத்தோடு ஒப்பந்தம் செய்தார். 1947-ல் மறைந்தார்.

இடித்துரைக்கும் துணை வேண்டுமென்று வள்ளுவர் மன்னருக்குக் கூறினார். ஆலைக்கும் அலுவலகத்துக்கும் அதுவே பொருந்தும். தலைகள் எல்லாம் ஆடுகின்றன என்று மகிழும் மேலதிகாரிகளை நாம் கேட்கிறோம்: அவை ஆடுவது இசைவாலா, அச்சத்தாலா?