ஆலை வாயிலில் ஓர் அடியார்

பக்தி முற்றினால் மலைக்குப் போவார்கள், மடத்துக்குப் போவார்கள். திரு. வி. கலியாணசுந்தரனாரின் பக்தியோ அவரைப் பெரம்பூர்ப் பஞ்சாலை வாயிலுக்கு இழுத்து வந்தது! அந்த விந்தையைத் தொழிலாளத் தோழர்கள் அறிய வேண்டுமென்றே இதை எழுதுகிறோம்.

முன்னோர் திருவாரூர்ச் சைவர். அவர் பிறந்தது 1883இல், போரூரையடுத்த துள்ளம் சிற்றூரில். சென்னை வெஸ்லி பள்ளியில் யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளை ஆசிரியராக வாய்த்தார். வீட்டிலிருந்து வந்த சைவம், அவரிடம் கல்வியாக வளர்ந்தது. அந்த ஆசிரியரின் வழக்கில் சாட்சி சொல்லப் போய், பள்ளி இறுதித் தேர்வையே கைவிட்டார். பட்டம் போயிற்று; தமிழ் நின்றது! பிறகு ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கர், வெஸ்லியில் ஆசிரியர். 1917இல் அதையும் உதறிவிட்டுத் ‘தேசபக்தன்’ ஆசிரியரானார்.

பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் ஒரு சமய சபை நடத்திவந்தனர். பக்திச் சொற்பொழிவு கேட்க வந்தவர்கள் யார்? பின்னி ஆலைத் தொழிலாளர்கள்! உண்ண அரை மணி நேரம், உழைக்க நாள் முழுதும் என்றிருந்தவர்கள். அந்தச் சபையில் முளைத்ததுதான் 1918 ஏப்ரல் 27இல் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கம். வாடியா தலைவர், திரு. வி. க. துணைத் தலைவர். அடியார்க்குத் தொண்டு செய்வதே ஆண்டவன் தொண்டு என்பது சைவருக்குப் புதிதன்று. அந்த அடியாரைப் பஞ்சுத் தூசிக்கிடையே கண்டதுதான் புதிது.

அதே ஆண்டு செப்டம்பரில் மனைவி கமலாம்பிகை மறைந்தார். பெற்ற குழந்தைகளும் முன்னமே போய்விட்டன. மறுமணம் நாடவில்லை அவர். ‘பெண்ணின் பெருமை’ எழுதியவர் அதை வாழ்ந்தும் காட்டினார்.

1921 கதவடைப்பின்போது நாடு கடத்துவோம் என்று ஆளுநர் வில்லிங்டன் மிரட்டினார். சங்கத்தை விட்டு அவர் விலகவில்லை.

1925 காஞ்சி மாநாட்டில் தலைமை நாற்காலியிலிருந்த அவர், வகுப்புவாரித் தீர்மானத்துக்கு இடந்தரவில்லை. பெரியார் வெளியேறினார். அதைச் சரியென்று நாம் கூறமாட்டோம். ஆயினும் அவ்விருவர் நட்பு முறியவில்லை. இன்றைய அரசியலில் அரிதான பண்பு அது.

வெள்ளையன் மிரட்டியதாவது போகட்டும். 1947இல், எந்தக் காங்கிரசுக்காகப் பேனா பிடித்தாரோ அந்தக் காங்கிரசு ஆட்சியே, ஆலை வேலைநிறுத்தத்தை முன்னிட்டு, அறுபது கடந்த அந்த முதியவரை வீட்டுக் காவலில் வைத்தது!

கடைசியில் கண்பார்வை போயிற்று. வாயால் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். இறுதி நூலுக்குப் ‘படுக்கைப் பிதற்றல்’ என்று தாமே பெயரிட்டார். 1953 செப்டம்பர் 17இல் மூச்சு அடங்கியது.