தலை குனிந்த மரமும் தலை குனியாத மனிதரும்

வங்கத்திலே பரீத்பூர் என்றோர் ஊர். இன்று அது வங்கதேச நாட்டிலே இருக்கிறது. அங்கே சாய்ந்து நின்றது ஓர் ஈச்சமரம். மாலையிலே கோயில் மணி ஒலிக்கும் வேளையில் அதன் தலை தாழ்ந்து, கீற்றுகள் தரையைத் தொட்டுக் கிடக்கும். காலையிலே பார்த்தால் மரம் தலை நிமிர்ந்து நிற்கும். மரம் தொழுகிறது என்றனர் மக்கள். கூட்டம் திரண்டது, காணிக்கை வந்தது, நோய் தீர்ந்தது என்ற பேச்சும் கிளம்பிற்று. கும்பிட்டவர் பலர், ஏன் குனிகிறது என்று கேட்டவர் யார்?

கேட்டார் ஒருவர். அவர்தான் ஜெகதீச சந்திர போஸ். மரத்தின் அசைவைத் தானே கோடிட்டுக் காட்டும் கருவியை அதிலே பொருத்த விரும்பினார். மரத்துக்குச் சொந்தக்காரர் தயங்கினார்; அந்நியக் கருவி பட்டால் மகிமை கெட்டுவிடுமே என்ற அச்சம் அவருக்கு. கருவி இந்த நாட்டிலேயே செய்தது, அதைப் பொருத்தப் போகிறவரும் ஒரு பூசாரியின் மகன்தான் என்று சொன்ன பிறகே இசைந்தார்.

கருவி கோடு போட்டது, மர்மம் வெளிப்பட்டது. வெயில் ஏற ஏற மரம் தாழ்ந்தது. குளிர்ச்சி ஏற ஏற நிமிர்ந்தது. கோயில் மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும் இரவு பகலாக அது அசைந்துகொண்டே இருந்தது. மரம் வணங்கியது தெய்வத்தை அல்ல. வெப்பத்துக்கு விடை கூறிற்று! 1918இல் வெளியிட்ட நூலிலே இதை விளக்கி எழுதினார் போஸ்.

யார் இந்தப் போஸ்? 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பிறந்தவர். தந்தை சர்க்கார் அதிகாரி. அதிகாரி வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்கு ஓடிய காலம் அது. அந்தத் தந்தையோ மகனைத் தாய்மொழிப் பள்ளிக்கு அனுப்பினார். ஒரு பக்கம் தந்தையிடம் ஏவல் பார்த்த முஸ்லிமின் மகன், மறு பக்கம் மீனவர் மகன், நடுவிலே போஸ். பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர் பற்றி அந்தத் தோழர்கள் சொன்ன கதைகளே இயற்கையின் மீது தமக்கு ஆவலை ஊட்டின என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்தப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து வந்தால், ஆசாரமான தாயும் வேறுபாடு காட்டாமல் உணவு படைத்தார். உழைப்பவன் வீட்டுப் பிள்ளைக்கு அறிவு ஏது என்று கேட்போரே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள்!

கேம்பிரிட்ஜிலே படித்துத் திரும்பி, 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியிலே பௌதிக ஆசிரியரானார். வெள்ளையருக்கு மூன்று பங்கு சம்பளம் என்றால் இந்தியருக்கு இரண்டு பங்கு. இது அன்றைய சட்டம். போஸ் தற்காலிக ஊழியர் என்று சொல்லி, அந்த இரண்டிலும் பாதியை வெட்டினர். ஆக, ஒரே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு கூலி!

என்ன செய்தார் போஸ்? வேலைநிறுத்தம் செய்யவில்லை, சம்பள நிறுத்தம் செய்தார். மூன்றாண்டுகள் ஒரு காசும் தொடாமல் பாடம் நடத்தினார். வீட்டிலோ தந்தை பட்ட கடன். அந்த நெருக்கடியிலே வாழ்க்கைத் துணையாக வந்தவர் அபலா அம்மையார். கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க மறுத்த காலத்தில் நம் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர். கடைசியில் சர்க்காரே இறங்கி வந்தது. முழுச் சம்பளம், அதுவும் சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டுக் கொடுத்தது.

கல்லூரியிலே அவருக்குச் சரியான ஆராய்ச்சிக்கூடம் இல்லை. ஒரு தகரத் தொழிலாளியைத் துணைக்கு வைத்துக்கொண்டு கருவிகள் செய்தார். முதலில் கம்பியில்லா மின்அலைகளை ஆராய்ந்தார். பிறகு செடிகொடியின் பக்கம் திரும்பினார். 1901இல் லண்டனிலே தம் முடிவுகளைச் சொன்னபோது, உடலியல் மேதைகள் முகம் சுளித்தனர். கட்டுரைத் தலைப்பிலே ஒரு சொல்லை மாற்றும்படி கேட்டனர். மறுத்தார், கட்டுரை அப்போது அச்சேறவில்லை. அதற்கும் அவர் தலை குனியவில்லை. மேலும் நுட்பமான கருவி செய்தார்.

செடி வளர்வதை யார் கண்ணால் கண்டது? போஸ் செய்த வளர்ச்சிமானி அதைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டிற்று. ஒரு நாளில் ஒரு சென்டிமீட்டர் வளரும் செடி, அந்தக் கணக்கிலே வினாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாக நகரும். எந்த உரம் வளர்ச்சியைத் தூண்டும், எந்த நஞ்சு ஒடுக்கும் என்பதை மாதக்கணக்கில் காத்திராமல் நிமிடக் கணக்கிலே அறிய அது வழி காட்டிற்று. மயக்கமருந்து கொடுத்தால் செடியும் மரத்துப்போகிறது, தெளிந்ததும் மீள்கிறது என்று காட்டினார். 1917இல் கல்கத்தாவிலே ஆராய்ச்சி நிலையம் கண்டார். 1920இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. முன்பு கட்டுரையை ஒதுக்கிய அதே சங்கம்தான்! 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மறைந்தார்.

அவர் சொன்னதெல்லாம் நிலைத்ததா? இல்லை. மரத்தில் நீர் ஏறுவதற்கு அவர் கூறிய காரணத்தை இன்றைய விஞ்ஞானம் ஏற்கவில்லை. செடிக்கு மூளையும் இல்லை, நரம்பும் இல்லை. ஆனால் தொட்டாற்சிணுங்கியைத் தொட்டால் மின்குறி ஓடுகிறது, இலைக்காம்பின் அடியிலுள்ள கணுவிலே நீர் வெளியேறி இலை சாய்கிறது என்பது உறுதியாகிவிட்டது. புழு கடித்த இலையிலிருந்து மற்ற இலைகளுக்குச் செய்தி பாய்வதை 2018இல் ஆராய்ச்சியாளர் படமாகவே பிடித்துவிட்டனர். பெரியவர் சொன்னது என்பதற்காக எதையும் ஏற்பதில்லை விஞ்ஞானம். போஸ் சொன்னதையும் உரைத்துப் பார்த்தே ஏற்றது, தள்ளியது. அதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதையும்கூட.

வெயிலுக்கும் குளிருக்கும் மரம் வளைந்தே தீரவேண்டும். அதற்கு வேறு வழியில்லை. மனிதனுக்கு வழி உண்டு. ஏன் என்று கேட்கலாம், அளந்து பார்க்கலாம், அநீதிக் கூலியை வேண்டாம் என்று தள்ளலாம். நாளை உங்கள் வீட்டுப் பிள்ளை தொட்டாற்சிணுங்கியைத் தொட்டுவிட்டு, இலை ஏன் மூடிற்று அப்பா என்று கேட்டால், வேலைக் களைப்பிலே அதட்டிவிடாதீர்கள் தோழர்களே! உட்கார வைத்து விடை சொல்லுங்கள்.