அண்ணல் அம்பேத்கரும் சட்டத்தின் பொருளும்

அண்ணல் அம்பேத்கர் அரசியல் சட்டத்தை வரைந்த பெருந்தகை என்பதை நம் மாணவர் அனைவரும் அறிவர். அச்சட்டத்திற்கு எவ்வாறு பொருள் கொள்ள வேண்டும் என்பதற்காகவும் அவர் வாதாட நேர்ந்ததைச் சிலரே அறிவர். கல்விப் பணிக்கென அமைந்த நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் அதனை நினைவுகூர்தல் பொருத்தமெனக் கருதுகிறோம்.

1891 ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் நகரில், சுபேதார் இராம்ஜி சக்பால், பீமாபாய் இணையர்க்குப் பதினான்காம் மகவாக அவர் பிறந்தார். பள்ளியில் தனியே அமர்த்தப்பட்டும், தண்ணீரைத் தொட உரிமையின்றியும் பயின்றார். பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பின்னர் இலண்டனில் பொருளியலும் சட்டமும் கற்றார். 1927இல் மகாடு குளத்து நீருக்காக அறப்போர் நடத்தினார். 1945இல் மக்கள் கல்விக் கழகம் கண்டார். 1947 ஆகஸ்டு 29இல் அமைந்த வரைவுக்குழுவிற்குத் தலைமை ஏற்றார்.

1950 ஜனவரி 26இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விரைவிலேயே சோதனையும் வந்தது. சென்னை மாநிலத்தில், வகுப்புவாரி ஆணைப்படி, மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் 14 இடங்களுக்கு 2 இடங்கள் தாழ்த்தப்பட்டோர்க்கு உரியனவாயிருந்தன. செண்பகம் துரைராசன், சி. ஆர். சீனிவாசன் ஆகியோர் அவ்வாணையை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். வரைவுக்குழு உறுப்பினராயிருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரே ஆணைக்கு எதிராக வாதிட்டார்.

1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஆணை செல்லாதென்றது. அரசுக் கல்லூரியில் சாதியை மட்டும் காரணமாகக் கொண்டு எவர்க்கும் இடம் மறுத்தலாகாது என்பது 29ஆம் விதியின் இரண்டாம் பிரிவு. வேலைவாய்ப்பில் ஒதுக்கீட்டிற்கு 16ஆம் விதி இடந்தருகிறது. கல்விக்கு அத்தகைய பிரிவு இல்லை. நலிந்தோர் கல்வியைப் பேணுமாறு கூறும் 46ஆம் விதியோ வழிகாட்டு நெறியே. அடிப்படை உரிமையை அது மீறலாகாது. எழுத்தைக் கடவாது பொருள் கொள்ளும் முறை இது.

சட்ட அமைச்சராயிருந்த அண்ணல், மே மாதம் பாராளுமன்றத்தில் இத்தீர்ப்பினின்று வெளிப்படையாக மாறுபட்டார். 29ஆம் விதியிலுள்ள 'மட்டும்' என்ற சொல் உரிய கவனம் பெறவில்லை என்றார். 46ஆம் விதி அரசின்மேல் ஒரு கடமையைச் சுமத்துமாயின், அதனை நிறைவேற்றும் அதிகாரமும் அதனுள் அடங்கும் என்பது அவர் கருத்து. விரிந்த பொருள் கொள்வதென்பது சொல்லைப் புறக்கணிப்பதன்று. ஒவ்வொரு சொல்லையும் சட்டத்தின் நோக்கத்தோடு சேர்த்து எடைபோடுவதே என்பதை இதனால் உணர்கிறோம்.

எழுத்தைப் பற்றி நிற்கும் முறைக்கும் ஒரு பயனுண்டு. நீதிபதி தம் விருப்பையே சட்டமெனக் கூறிவிடாது அது தடுக்கும். அண்ணலும் தீர்ப்பை மீறுமாறு எவரையும் தூண்டினாரல்லர். சட்டத்தையே திருத்தும் பணியில் பங்கேற்றார். 1951 ஜூன் 18இல் முதல் திருத்தம் நிறைவேறி, 15ஆம் விதியில் நான்காம் பிரிவு சேர்ந்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோர்க்குக் கல்வியில் தனி ஏற்பாடு செய்ய அது வழிவிட்டது.

1956 டிசம்பர் 6இல் அண்ணல் மறைந்தார். 1976இல், கேரள அரசுக்கும் தாமசுக்கும் இடையிலான வழக்கில், ஒதுக்கீடு சமத்துவத்திற்கு விலக்கன்று, சமத்துவத்தின் ஒரு கூறே எனப் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். 1992இல் மண்டல் வழக்கிலும் அக்கருத்து உறுதிப்பட்டது.

நம் பிள்ளைகள் கல்லூரியில் பெறும் இடத்திற்குப் பின்னே, ஒரு சிறு சொல்லின் பொருளுக்காக நிகழ்ந்த வாதம் உள்ளது. ஆகவே அவர்கள் அரசியல் சட்டத்தைச் சொல் சொல்லாகப் பயில்வாராக.