நம்பிக்கை மரதன் ஓடிய டெரி பொக்ஸ்

மாணவர்களே, உங்கள் தேசப்படப் புத்தகத்தில் கனடா உள்ள பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதனை வாசியுங்கள். கிழக்கு ஓரத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்தில் நியூபவுண்லாந்து என்ற தீவு இருக்கும். அதன் தலைநகர் சென் ஜோன்ஸ். மேற்கு ஓரத்தில், பசுபிக் கரையில், வன்கூவர், விக்டோரியா ஆகிய நகரங்கள் இருக்கும். இந்த இரண்டு கரைகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை ஓடியே கடப்பதென்று 1980 ஆம் ஆண்டு 21 வயது இளைஞர் ஒருவர் புறப்பட்டார். அவருடைய வலது கால் முழங்காலுக்கு மேலே துண்டிக்கப்பட்டிருந்தது. அவர்தான் டெரி பொக்ஸ்.

'நான் விரும்பும் பெரியார்' என்ற தலைப்பு வந்தால் எல்லோரும் ஒரே நான்கைந்து பேரையே எழுதுகிறீர்கள். இருபத்து மூன்று வயது நிறையுமுன் இறந்த ஒருவரைப் பெரியார் என்று எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். தாராளமாக எழுதலாம். ஆனால் மன உறுதி உடையவர், தன்னம்பிக்கை மிக்கவர் என்று இரண்டு வரி எழுதி நிறுத்திவிடக் கூடாது. அவர் எதற்காக ஓடினார் என்பதை எழுதாவிட்டால் அந்த வரலாற்றில் பாதிக்கு மேல் விடுபட்டுவிடும்.

டெரி பொக்ஸ் 1958 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆம் திகதி கனடாவின் வினிபெக் நகரில் பிறந்தார். தந்தையார் ரோலண்ட் புகையிரதப் பகுதியில் வேலை செய்தவர். தாயார் பெற்றி. நான்கு பிள்ளைகளில் டெரி இரண்டாமவர். பின்னர் குடும்பம் வன்கூவருக்கு அண்மையிலுள்ள போட் கொக்குயிட்லம் என்ற ஊரில் குடியேறியது.

சிறு வயதில் டெரிக்குக் கூடைப்பந்தாட்டத்தின் மீது தீராத ஆசை. எட்டாம் தரத்தில் படிக்கும்போது உயரமோ ஐந்து அடி மாத்திரம். ஆட்டமும் பெரிதாக வராது. வெளிக்கள ஓட்டத்துக்குப் போவது நல்லது என்று பயிற்றுநர் ஆலோசனை கூறினார். டெரி பயிற்றுநரின் சொல்லை மதித்து ஓட்டத்திலும் சேர்ந்தார், கூடைப்பந்தையும் விடவில்லை. அந்தப் பருவகாலம் முழுவதிலும் அவருக்கு ஆடக் கிடைத்தது ஒரேயொரு நிமிடம். பத்தாம் தரத்தில் ஆரம்ப அணியிலேயே இடம் பிடித்தார். பாடசாலையை விட்டு வெளியேறும் ஆண்டில், சிறந்த விளையாட்டு வீரருக்கான விருதைத் தன் நண்பர் டக் அல்வாட்டுடன் பகிர்ந்துகொண்டார். இந்த நண்பரின் பெயரை ஞாபகத்தில் வைத்திருங்கள், பின்னர் வருவார். உடற்கல்வி ஆசிரியராக வர விரும்பிய டெரி சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அங்கும் கனிஷ்ட கூடைப்பந்து அணிக்குத் தெரிவானார்.

1976 நவம்பரில் அவர் ஓட்டிச் சென்ற கார் விபத்துக்குள்ளானது. பெரிய காயம் எதுவுமில்லை, வலது முழங்காலில் மட்டும் நோவு. விபத்தினால் வந்த நோவுதானே என்று எண்ணி, கூடைப்பந்துப் பருவகாலம் முடியும் வரை அதைப் பொறுத்துக்கொண்டே விளையாடினார். 1977 மார்ச்சில் நோவு தாங்க முடியாமல் வைத்தியசாலைக்குச் சென்றபோதுதான் அது என்புப் புற்றுநோய் எனத் தெரிய வந்தது. இந்த நோய் அதிகமாகத் தாக்குவது உங்களைப் போன்ற வளரும் வயதினரைத்தான், அதிலும் முழங்காலுக்கு அண்மையிலுள்ள என்பைத்தான். எனவே வாரக்கணக்கில் ஆறாமல் இருக்கும் முழங்கால் நோவை, விளையாட்டில் பட்ட அடி என்று நீங்களே தீர்மானித்துவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். இது பரீட்சைக்கு வராது, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

மார்ச் 9 ஆம் திகதி டெரியின் வலது கால் முழங்காலுக்கு மேலே ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் உயரத்தில் துண்டிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 18. சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் இரவு அவருடைய பழைய பயிற்றுநர் ஒருவர் ஒரு சஞ்சிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். செயற்கைக் காலுடன் நியூயோர்க் மரதன் ஓட்டத்தை ஓடி முடித்த டிக் ட்ரோம் என்பவரைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது. அந்த எண்ணம் டெரியின் மனதில் விழுந்தது அன்றுதான்.

ஆனால் அவரை ஓட வைத்தது அந்தக் கட்டுரை மட்டுமன்று. கால் எடுத்த பின்னர் பதினாறு மாதங்கள் இரசாயனச் சிகிச்சை பெற வேண்டியிருந்தது. தலைமயிர் கொட்டியது, வாந்தி, களைப்பு. புற்றுநோய்ச் சிகிச்சை நிலையத்தில் தன்னிலும் சிறியவர்களைக் கண்டார். வலியால் துடித்த பிள்ளைகளையும், ஒரு கிழமை இருந்து மறு கிழமை இல்லாமற் போனவர்களையும் கண்டார். உயிர் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பது என்று வைத்தியர்கள் அவரிடம் கூறியிருந்தனர். இரண்டே ஆண்டுகளுக்கு முன்னர் இதே நோய் வந்திருந்தால் அது நூற்றுக்குப் பதினைந்துதான். இந்த இரண்டு எண்களையும் சற்று யோசித்துப் பாருங்கள். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் நோய் மாறவில்லை, மருந்து மாறியது. மருந்தை மாற்றியது ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்கு வேண்டியது பணம். அந்தப் பணம் மிகக் குறைவாகவே செலவிடப்படுகிறது என்று அறிந்தபோது டெரிக்குக் கோபம் வந்தது. நன்கொடை திரட்டுவதற்காக நாட்டின் குறுக்கே ஓடுவது என்ற முடிவு பிறந்தது இந்தக் கணக்கிலிருந்துதான்.

சிகிச்சை நடந்த காலத்திலேயே, பின்னாளில் புகழ்பெற்ற ரிக் ஹான்சனின் அழைப்பை ஏற்றுச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து அணியில் சேர்ந்தார். அந்த அணியுடன் மூன்று தேசிய வெற்றிகளையும் பெற்றார்.

ஓட்டப் பயிற்சி 1979 பெப்ரவரியில் தொடங்கியது. என் அபிப்பிராயத்தில் இவர் வரலாற்றில் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இந்தப் பதினான்கு மாதப் பயிற்சிதான். பின்னர் நடந்த ஓட்டத்தை உலகமே பார்த்தது. இதைப் பார்த்தவர்கள் சிலரே. முதலாம் நாள் அரை மைல் ஓடினார், அதுவும் எவரும் காணாதபடி இருட்டில். பிறகு சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டினார். அக்காலச் செயற்கைக் கால் நடப்பதற்காகச் செய்யப்பட்டது, ஓடுவதற்கு உகந்ததன்று. அதிலிருந்த சுருள்வில் மறுபடியும் பழைய நிலைக்கு வர நேரம் எடுக்கும். அதுவரை நல்ல காலில் ஒரு தடவை மேலதிகமாகத் துள்ள வேண்டும். ஆகவே இடது காலால் இரண்டு துள்ளல், செயற்கைக் காலால் ஒரு அடி என்பதே அவருடைய ஓட்டமாயிற்று. வெட்டிய காலின் முனை செயற்கைக் காலில் உராய்ந்து கொப்பளித்து இரத்தம் கசியும். சுமார் இருபது நிமிடம் ஓடிய பின்னர் வலியைத் தாங்கும் நிலை வந்துவிடும் என்று அவர் கண்டுகொண்டார். நத்தார் தினத்தில் மட்டும், தாயார் கேட்டுக்கொண்டதற்காக, ஓடவில்லை. பயிற்சியில் மட்டும் ஓடி முடித்த தூரம் 5,000 கிலோமீற்றருக்கும் அதிகம்.

இவ்வளவு பயிற்சியும் வன்கூவர் மரதனுக்காக என்றே வீட்டார் நினைத்திருந்தனர். 1979 இல் பிரின்ஸ் ஜோர்ஜ் நகரில் நடந்த 27 கிலோமீற்றர் ஓட்டப் போட்டியில் டெரி கடைசியாக வந்தார். அவருக்கு முன்னர் வந்தவர் பத்து நிமிடம் முந்தியிருந்தார். ஆனாலும் எல்லையை அடைந்தபோது பார்த்திருந்தோர் கண்ணீருடன் கைதட்டினர். கடைசியாக வந்த அந்தப் போட்டிக்குப் பிறகுதான் உண்மையான திட்டத்தை வீட்டில் சொன்னார். தாயார் பதறித் தடுக்கப் பார்த்தார். தந்தையாரோ எப்போது புறப்படுவதாக உத்தேசம் என்று மட்டும் கேட்டார்.

ஒக்டோபரில் கனேடியப் புற்றுநோய்ச் சங்கத்துக்கு உதவி கேட்டுக் கடிதம் எழுதினார். சங்கம் உடனே நம்பிவிடவில்லை. அனுசரணையாளர்களைத் தேடிக்கொள்ளுமாறும் வைத்தியச் சான்றிதழ் கொண்டுவருமாறும் கூறியது. போர்ட் நிறுவனம் வாகனத்தையும், இம்பீரியல் ஒயில் எரிபொருளையும், அடிடாஸ் சப்பாத்துகளையும் கொடுத்தன. தம் பொருளை விளம்பரப்படுத்த வேண்டும் என்று நிபந்தனை போட்ட நிறுவனங்களின் உதவியை அவர் ஏற்கவில்லை. வைத்தியப் பரிசோதனையில் இதயத்தின் இடது பக்கத் தசை தடித்திருப்பது தெரிந்தது. இதயத்தில் ஏதும் தொல்லை தெரிந்தால் ஓட்டத்தை நிறுத்துவதாக வாக்களித்த பின்னரே அனுமதி கிடைத்தது.

1980 ஏப்ரல் 12 ஆம் திகதி சென் ஜோன்ஸ் துறைமுகத்தில் செயற்கைக் காலை அத்திலாந்திக் கடலில் நனைத்தார். இரண்டு போத்தல்களில் கடல்நீர் நிரப்பிக்கொண்டார். ஒன்று ஞாபகத்துக்கு, மற்றையது விக்டோரியாவில் பசுபிக் கடலில் ஊற்றுவதற்கு. இந்த ஓட்டத்துக்கு 'நம்பிக்கை மரதன்' என்று பெயரிடப்பட்டது. வாகனத்தை ஓட்டிச் சென்றவர் அந்த டக் அல்வாட்தான்.

ஒரு மரதன் 42.195 கிலோமீற்றர் என்பதை உடற்கல்விப் பாடத்தில் படித்திருப்பீர்கள். டெரி நாளொன்றுக்கு ஓடியது ஏறக்குறைய அவ்வளவு. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு உள்ள தூரத்திலும் அது அதிகம். விடியுமுன் எழுந்து ஓடத் தொடங்குவார். முதல் நாட்களிலேயே புயற்காற்று, கடும் மழை, பனி. பல இடங்களில் இவர் யாரென்றே எவருக்கும் தெரியவில்லை. இரவும் பகலும் ஒரே வாகனத்துக்குள் இருந்த நண்பர்கள் இருவரும் சண்டை பிடித்துப் பேசாமலும் இருந்தனர். பெற்றோர் வந்து சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. பின்னர் தம்பி டரலும் கூடச் சேர்ந்தார். கியூபெக் மாகாணத்தில் மக்கள் பேசுவது பிரெஞ்சு, இவர்களுக்கோ அது தெரியாது. அங்கே நன்கொடை மிகக் குறைவாகவே கிடைத்தது. வீதியிலிருந்து இவரை ஒதுங்க வைத்த சாரதிகளும் இருந்தார்கள்.

ஆயினும் நியூபவுண்லாந்தில் போட் ஓ பாஸ்க் என்ற சிற்றூர் ஒரு வழியைக் காட்டியிருந்தது. சுமார் பத்தாயிரம் பேர் வாழ்ந்த அவ்வூர் பத்தாயிரம் டொலருக்கு மேல் கொடுத்தது. ஆளுக்கு ஒரு டொலர்! கனடாவின் சனத்தொகை அன்று ஏறக்குறைய 2 கோடியே 40 இலட்சம். ஒவ்வொருவரிடமும் ஒரு டொலர் பெறுவதே டெரியின் இலக்காயிற்று. புற்றுநோய்க்குத் தன் மகனைப் பறிகொடுத்த ஹோட்டல் அதிபர் இசடோர் ஷார்ப், மைலுக்கு இரண்டு டொலர் தருவதாக வாக்களித்து ஏனைய நிறுவனங்களையும் தூண்டினார். ஒன்ராறியோ மாகாணத்துக்குள் நுழைந்த பின்னர் நிலைமை மாறியது. ஜூலை 11 இல் ரொறன்ரோ நகரச் சதுக்கத்தில் பத்தாயிரம் பேர் கூடினர். அந்த ஒரு நாளில் ஓர் இலட்சம் டொலர் சேர்ந்தது.

இவ்வளவு கூட்டத்தையும் விட அவர் மனதைத் தொட்டவன் ஒரு பத்து வயதுச் சிறுவன். ரெரஸ் பே என்ற ஊரில் டெரி சந்தித்த அவனும் அதே நோயால் ஒரு காலை இழந்து, சிகிச்சையால் தலைமயிரையும் இழந்திருந்தான். டெரி ஓட, அவன் துவிச்சக்கர வண்டியில் சில மைல் தூரம் பின்னால் வந்தான். இருவரும் ஏரியில் நீந்தினர். முழுப் பயணத்திலும் தனக்கு மிகுந்த ஊக்கம் தந்தது அந்தச் சந்திப்பே என்று டெரி பின்னர் கூறினார்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். வாக்களித்தபடி வைத்தியப் பரிசோதனைக்கு அவர் ஒழுங்காகப் போகவில்லை. ஓய்வு எடுக்கும்படி கூறியவர்களின் பேச்சையும் கேட்கவில்லை. அதைப் பாராட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. ஊரை விட்டுப் புறப்படுமுன்னரே நோய் சுவாசப்பையில் இருந்ததா என்பதை எவரும் அறியார்.

செப்டெம்பர் 1 ஆம் திகதி தண்டர் பே நகருக்கு வெளியே அவருக்கு இருமலும் நெஞ்சு நோவும் தாங்க முடியாமல் வந்தது. வீதியோரத்தில் மக்கள் நின்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் நிற்க மனமின்றி, சனம் இல்லாத இடம் வரும் வரை ஓடினார். பிறகு வாகனத்தில் ஏறி, வைத்தியசாலைக்கு விடும்படி டக்கிடம் கூறினார். புற்றுநோய் சுவாசப்பைக்குப் பரவியிருந்தது. 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடியிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு உள்ள தூரத்தைப் போலப் பதின்மூன்று மடங்குக்கும் அதிகம். பசுபிக் கரைக்கு இன்னும் 3,000 கிலோமீற்றர் அளவு இருந்தது.

அன்று வரை சேர்ந்தது 17 இலட்சம் டொலர். ஒரு வாரத்துக்குப் பிறகு நடந்த தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் மேலும் ஒரு கோடியே 5 இலட்சம் டொலர் வந்து குவிந்தது. எஞ்சிய தூரத்தைத் தாம் ஓடித் தருவதாகச் சிலர் முன்வந்தனர். டெரி சம்மதிக்கவில்லை, சுகமாகித் தானே ஓட வேண்டும் என்றிருந்தார். அம்மாதமே கனடாவின் உயர் தேசிய விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதைப் பெற்றவர்களில் அன்று மிக இளையவர் அவரே. 1981 பெப்ரவரியில் நிதி 2 கோடியே 41 இலட்சத்து 70 ஆயிரம் டொலரைத் தொட்டது. நாட்டில் ஆளுக்கு ஒரு டொலர் சேர்ந்துவிட்டது. டெரி அதை அறிந்தபின்தான் இறந்தார். 1981 ஜூன் 28 இல், 23 ஆவது பிறந்தநாளுக்குச் சரியாக ஒரு மாதம் இருக்கையில் அவர் உயிர் பிரிந்தது.

அதே ஆண்டு செப்டெம்பர் 13 இல் முதலாவது டெரி பொக்ஸ் ஓட்டம் நடைபெற்றது. மூன்று இலட்சம் பேர் கலந்துகொண்டனர். அதில் வெற்றியாளர் கிடையாது, பரிசும் கிடையாது. நடந்தும் போகலாம், சக்கர நாற்காலியிலும் போகலாம். பின்னர் பல நாடுகளுக்கும் பரவிய இவ்வோட்டங்களால் இதுவரை 85 கோடி டொலருக்கும் மேல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்துள்ளது. 2005 இல் கனடா வெளியிட்ட ஒரு டொலர் நாணயத்தில் டெரி ஓடும் உருவம் பொறிக்கப்பட்டது.

டெரிக்கு வந்த அந்த நோய் பரவுவதற்கு முன் கண்டுபிடிக்கப்பட்டால், நல்ல வசதியுள்ள வைத்தியசாலைகளில் இன்று பத்துப் பேரில் ஏழு பேரளவில் பிழைக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்குக் காலை வெட்டுவதில்லை. நோயுள்ள என்புத் துண்டை மட்டும் அகற்றி, அவ்விடத்தில் உலோகத்தையோ வேறொரு என்பையோ பொருத்துகிறார்கள்.