மரத்தடியில் பிறந்த கிரிக்கெட் கோஷ்டி

விளையாட்டுக் கோஷ்டிக்குப் பெயர் வைப்பது பிள்ளைக்குப் பெயர் வைப்பது மாதிரி. பெயரைக் கேட்டதும் அது யாருடைய பிள்ளை என்பது தெரிந்துவிடும்.

நாஞ்சில் நாட்டு மக்கள் இதை அனுபவத்தில் கண்டவர்கள். ரஞ்சி கோப்பைப் போட்டியில் 1951-ம் ஆண்டு முதல் "திருவிதாங்கூர்-கொச்சி" என்ற கோஷ்டி ஆடியது. அப்போது நாகர்கோவில் அந்த ராஜ்யத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்களும் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தன. அதன் பிறகு அது "சென்னை" கோஷ்டிக்கு உரிய ஊர் ஆகிவிட்டது.

அந்தச் "சென்னை" என்ற பெயர் நம்மவர்களுக்குச் சுலபமாகக் கிடைத்து விடவில்லை. அதற்கு வழி திறந்தவர் புச்சி பாபு நாயுடு.

செல்லப் பிள்ளை

அவருடைய முழுப் பெயர் மோதவரபு வெங்கட மகிபதி நாயுடு. 1868-ம் ஆண்டு பிறந்தார். வீட்டில் அழைத்த செல்லப் பெயர்தான் புச்சி பாபு. அதுவே நிலைத்துவிட்டது.

தாத்தா பெரும் செல்வந்தர். அவர் பேரனையே மகனாகத் தத்து எடுத்துக்கொண்டார். மயிலாப்பூரில் லஸ் பங்களாவில் புச்சி பாபு வளர்ந்தார். குதிரைச் சவாரி, டென்னிஸ், கிரிக்கெட் எல்லாம் பழகினார்.

பங்களாவில் வெயிலே தெரியாது. ஆனால் சேப்பாக்கம் மைதானத்தில் அவர் கண்ட காட்சி மனதைச் சுட்டது.

நிழலில் ஒருவர், வெயிலில் ஒருவர்

சேப்பாக்கத்தில் இருந்தது "சென்னை கிரிக்கெட் கிளப்". 1846-ல் தொடங்கியது. பெயரோ சென்னை! உறுப்பினர்களோ வெள்ளைக்காரர்கள் மட்டும்!

இந்தியர்கள் அங்கே ஆட வந்தால் ஆட்டக் கூடத்துக்குள் நுழைய முடியாது. வெள்ளைக்காரர்கள் கூடத்தில் அமர்ந்து சாப்பிடுவார்கள். நம்மவர்கள் மரத்தடியில் ஒதுங்கவேண்டும்.

புச்சி பாபு கைகலப்புக்குப் போகவில்லை. மனுப் போட்டுக் கெஞ்சவும் இல்லை. 1888-ல், தம் 20-வது வயதில், சொந்தமாக ஒரு கிளப் தொடங்கினார்.

அதற்கு அவர் வைத்த பெயர் "மெட்ராஸ் யுனைடெட் கிளப்". அதாவது, சென்னை ஐக்கிய சங்கம்.

பெயரின் பெருமை

அந்தப் பெயரில் ஜாதி இல்லை, மதம் இல்லை. ஊரும் ஒற்றுமையும் மட்டுமே இருந்தன.

அதே காலத்தில் பம்பாயில் வேறு மாதிரி நடந்தது. அங்கே பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என்று மதத்தின் பெயரால் கோஷ்டிகள் அமைந்தன. அந்தப் போட்டிகள் நாட்டில் பிளவை வளர்க்கின்றன என்ற எதிர்ப்பு வலுத்தது. 1946-ம் ஆண்டோடு அவை நின்றன.

புச்சி பாபு இளைஞர்களைத் தேடிப் பிடித்தார். மட்டை, பந்து, உடுப்பு எல்லாம் தம் செலவிலேயே கொடுத்தார். ஆட்டமும் கற்றுக் கொடுத்தார். ஆட்டம் தேறியதும், வெள்ளைக்காரர்களுடன் சரிசமமாக மோத ஏற்பாடு செய்தார்.

இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதும் போட்டி 1908 டிசம்பரில் நடப்பதாக இருந்தது. அதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. போட்டிக்குச் சில நாட்களுக்கு முன் காலமானார். அப்போது வயது 40.

அவர் நட்ட மரம்

போட்டி நின்றுவிடவில்லை. பின்னர் பொங்கல் சமயத்தில் ஆண்டுதோறும் நடக்கும் திருவிழாவாகவே மாறி, 1952 வரை நடந்தது. புச்சி பாபுவின் பெயரிலும் ஒரு போட்டியை அவருடைய பிள்ளைகள் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான கோட்டா ராமசாமி, 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிசிலும் 1936-ல் இங்கிலாந்தில் டெஸ்ட் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக ஆடினார்.

1934 நவம்பரில் ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் நடந்தது. அன்று சென்னை கோஷ்டி மைசூரை ஒரே நாளில் தோற்கடித்தது. முன்பு நம்மவர்களை மரத்தடிக்கு அனுப்பிய அதே மைதானம்!

1969-ல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆயிற்று. 1970-71 முதல் கோஷ்டியும் "தமிழ்நாடு" என்ற பெயரில் ஆடத் தொடங்கியது.

குமரி முனையில் மட்டை பிடிக்கும் பையனுக்கும் இன்று அந்தப் பெயரில் உரிமை உண்டு. அவன் யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஜாதி என்று அந்தப் பெயர் கேட்பதில்லை.