கலைமான் தப்பியது

புனித வெள்ளியன்று ஊரார் ஆலயத்தில் இருக்க, பிரபுவான ஹூபர்ட் இன்றைய பெல்ஜியத்தின் ஆர்டென் காட்டில் கலைமானைத் துரத்தினாராம். நெருங்கியபோது மான் திரும்பி நின்றது. கொம்புகளுக்கு நடுவே பாடுபட்ட சுரூபம்! மான் தப்பியது, வேட்டைக்காரர் அகப்பட்டார்.

இது மரபுக்கதை என்பதை மறைப்பானேன்? அவரது மிகப் பழைய வரலாற்றில் மான் இல்லை. புனித யுஸ்தாக்கியாரைப் பற்றிய கதை பல நூற்றாண்டுகளுக்குப் பின் இவரோடு ஒட்டிக்கொண்டது.

வரலாறு சொல்வது வேறு. ஆயர் லம்பெர்ட் லியேஜில் கொல்லப்பட்டபின் ஹூபர்ட் ஆயரானார். கொலை நடந்த அந்த இடத்துக்கே தம் முன்னவரின் எலும்புகளைக் கொண்டுவந்து வைத்தார். சிற்றூராக இருந்த லியேஜ் பின்னர் நகரமாயிற்று. ஆர்டென் மக்களுக்கு நற்செய்தி அறிவித்து, 727 மே 30இல் இறந்தார். 825இல் அவரது உடல் ஆர்டென் காட்டு மடத்துக்கே போய்ச் சேர்ந்தது. நவம்பர் 3, அவரது திருநாளில், வேட்டைக்காரர்கள் நாய்களோடு அங்கு ஆசிபெற வருகிறார்கள்.